தரவரிசை சரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது

கேள்வி இது: மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் சுத்திகரிப்பான் போன்ற வீட்டு உபயோகப் பொருள்களுக்கு மதிப்புரை எழுதும் ஒரு தளத்துக்குக் கூகுள் வழியாக வரும் வாசகர்கள் 2023 செப்டம்பரிலிருந்து குறைந்துகொண்டே வந்து, இப்போது பாதிக்கும் கீழே போய்விட்டார்கள். போதாக்குறைக்கு, 2025 செப்டம்பரில், தள உரிமையாளர்களுக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில், இம்ப்ரெஷன் (தேடல் முடிவுகளில் தளம் தோன்றும் தடவைகள்) எண்ணிக்கை சில நாள்களுக்குள் மளமளவென்று இறங்கியது. ஆலோசனை சொல்ல வந்த எஸ்இஓ (தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) நிறுவனம் ஒன்று, பழைய கட்டுரைகளை அழித்துவிட்டுப் புதிதாக பேக்லிங்க், அதாவது பிற தளங்களிலிருந்து வரும் இணைப்புகளை, வாங்கச் சொல்கிறது. கூகுள் தளத்தைத் தண்டித்துவிட்டதா, மீள வழி உண்டா?

தண்டனையா இல்லையா என்பதை ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. கூகுளின் ஊழியர் ஒருவர் உங்கள் தளத்தைப் பார்த்து, விதிமீறல் என்று முடிவுசெய்து நடவடிக்கை எடுத்திருந்தால், சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' என்ற பகுதியில் அது எழுத்து வடிவில் இருக்கும். குறையைச் சரிசெய்த பிறகு மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கும் வசதியும் அங்கேயே உண்டு. அந்தப் பகுதி காலியாக இருந்தால், யாரும் உங்கள் தளத்தின் மீது தனியாகக் கைவைக்கவில்லை என்று பொருள். பெரும்பாலான சிறு தளங்களில் அது காலியாகத்தான் இருக்கிறது. ஆகவே வேறு காரணங்களைத் தேட வேண்டும். கேள்வியில் சொல்லப்பட்ட இரண்டு இறக்கங்களும் ஒரே காரணத்தால் வந்தவை அல்ல. அவற்றுள் இரண்டாவது, அநேகமாக இறக்கமே அல்ல.

அந்த இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். கூகுள் முடிவுப் பக்கத்தின் முகவரியில் ஒரு சிறு குறிப்பைச் சேர்த்தால் ஒரே பக்கத்தில் நூறு முடிவுகளைக் காட்டும் வசதி நெடுங்காலமாக இருந்துவந்தது. தரவரிசையைக் கண்காணிக்கும் மென்பொருள்கள் அதைத்தான் பயன்படுத்தின. அப்படி ஒரு மென்பொருள் நூறு முடிவுகளையும் ஒருசேரத் திறக்கும்போது, எழுபதாவது இடத்தில் கிடக்கும் உங்கள் பக்கத்துக்கும் ஓர் இம்ப்ரெஷன் கணக்கில் ஏறிவிடும்; மனிதக் கண் எதுவும் அதைப் பார்த்திருக்காது. 2025 செப்டம்பரில் கூகுள் அந்த வசதியை நிறுத்தியது. உலகெங்கும் எண்ணற்ற தளங்களில் இம்ப்ரெஷன் சரிந்தது, முடிவுகளில் பக்கங்களின் சராசரி இடம் திடீரென்று மேம்பட்டது, கிளிக் எண்ணிக்கை மட்டும் முன்பு இருந்தபடியே இருந்தது. உங்கள் வரைபடத்திலும் இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால், இயந்திரங்கள் ஏற்றிவைத்த பொய்க்கணக்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் கிளிக்கும் சேர்ந்து விழுந்திருந்தால் இந்த விளக்கம் பொருந்தாது.

2023-இல் தொடங்கிய சரிவு உண்மையானது. அதைப் புரிந்துகொள்ள, கூகுள் செய்யும் மாற்றங்கள் எத்தகையவை என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2022-ஆம் ஆண்டில் மட்டும் தேடலில் 4700-க்கும் மேற்பட்ட மாற்றங்களைச் செய்ததாக கூகுளே சொல்லியிருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவற்றை எந்தத் தள உரிமையாளரும் உணர்வதில்லை. ஆண்டுக்குச் சில முறை வரும் 'கோர் அப்டேட்' வேறு வகை. அதில் எல்லாப் பக்கங்களையும் எடைபோடும் அளவுகோல்களின் விகிதமே மாற்றப்படுகிறது. உங்கள் பக்கத்தில் ஓர் எழுத்துகூட மாறாமல் இருந்தாலும், மற்றவர்களின் பக்கங்கள் புதிய அளவுகோலில் கூடுதல் எடை பெற்றால் நீங்கள் கீழே போவீர்கள். தேடல் முடிவு என்பது ஒப்பீடு மட்டுமே. நான்காம் இடத்திலிருந்து பதினான்காம் இடத்துக்குப் போன பக்கத்தில் குறை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

இருந்தாலும், குறையைக் குறிவைத்தே வந்த மாற்றங்களும் உண்டு. 2011 பிப்ரவரியில் வந்த 'பாண்டா' அவற்றில் புகழ்பெற்றது. தேடல்களில் அடிக்கடி வரும் சொற்களைக் கணக்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் குறைந்த கூலியில் ஒரு மேலோட்டமான கட்டுரையை உற்பத்திசெய்துகொண்டிருந்த 'உள்ளடக்கப் பண்ணைகள்' அன்று முடிவுகளை நிரப்பியிருந்தன. அமெரிக்காவில் 11.8 சதவீதத் தேடல்கள் அந்த ஒரே மாற்றத்தால் பாதிக்கப்பட்டதாக கூகுள் அறிவித்தது. சூட்101, ஹப்பேஜஸ், அசோசியேட்டட் கன்டென்ட் போன்றவை சரிந்தன. பாதிக்கப்பட்டவர்களுக்காக அதே ஆண்டு மே மாதத்தில் கூகுள் வெளியிட்ட கேள்விப் பட்டியல் இன்றும் படிக்கத் தகுந்தது. 'இந்தத் தளத்தில் உங்கள் கிரெடிட் கார்டு விவரத்தைத் தரத் தயங்க மாட்டீர்களா' என்பது அதில் ஒன்று. பாண்டாவின் தாக்கம் பக்கத்தோடு நிற்காமல் தளம் முழுவதற்கும் பரவியது என்பதே அதன் நீடித்த பாடம்: ஒரு தளத்தில் பெரும்பகுதி சத்தற்றிருந்தால், அங்கே இருக்கும் நல்ல கட்டுரைகளும் சேர்ந்து இறங்கும்.

அடுத்த ஆண்டு, 2012 ஏப்ரலில் வந்த 'பென்குயின்' காசு கொடுத்து வாங்கிய இணைப்புகளையும் செயற்கையாகப் பெருக்கிய இணைப்புகளையும் குறிவைத்தது. உங்கள் ஆலோசகர் வாங்கச் சொல்லும் சரக்கு அதுதான். பென்குயினில் சிக்கியவர்களுக்கு நேர்ந்த உண்மையான கொடுமை, சரிந்ததல்ல, காத்திருந்தது. தவறான இணைப்புகளை நீக்கி, மீதியைப் புறக்கணிக்கும்படி கூகுளிடம் பட்டியல் கொடுத்த பிறகும், அந்த வடிகட்டி அடுத்த முறை இயக்கப்படும்வரை எதுவும் மாறாது. 2014 அக்டோபருக்கும் 2016 செப்டம்பருக்கும் இடையே, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், பெரிய புதுப்பிப்பு எதுவும் இல்லாமல் பலர் தவித்தார்கள். 2016-இல் அது முடிவுகளை வரிசைப்படுத்தும் கூகுளின் முதன்மை அல்காரிதத்தோடு இணைக்கப்பட்டு, தளத்தைக் கீழே தள்ளுவதற்குப் பதிலாக அந்த இணைப்புகளை மதிக்காமல் விட்டுவிடும் முறைக்கு மாறியது. எனவே இன்று நீங்கள் பேக்லிங்க் வாங்கினால் நேரக்கூடியவை இரண்டுதான்: கணக்கில் சேராமல் பணம் வீணாகும், அல்லது மேனுவல் ஆக்‌ஷன்ஸ் பகுதி காலியாக இல்லாமல் போகும்.

இனி 2023 செப்டம்பர். கூகுள் 2022 ஆகஸ்டில் 'ஹெல்ப்ஃபுல் கன்டென்ட்' என்ற பெயரில் ஒரு புதிய அமைப்பைக் கொண்டுவந்தது. வாசகருக்காக அல்லாமல் தேடுபொறிக்காகவே எழுதப்படும் உள்ளடக்கத்தைக் கண்டறிவது அதன் நோக்கம். பாண்டாவைப் போல இதுவும் தளம் தழுவிய குறியீடாகவே செயல்பட்டது. முதல் பதிப்பு பெரிய சலனத்தை ஏற்படுத்தவில்லை. 2023 செப்டம்பர் 14 முதல் 28 வரை வந்த பதிப்பு சிறிய, தனியார் தளங்களை வாரிக்கொண்டுபோனது. பயணம், சமையல், பொருள் மதிப்புரை, விளையாட்டுக் கருவிகள் என்று ஒருவரோ இருவரோ நடத்திய தளங்கள் அதில் அதிகம். செயற்கை நுண்ணறிவால் எழுதப்படும் கட்டுரைகள் பெருகிக்கொண்டிருந்த அதே வேளையில், 'மனிதர்களால் மனிதர்களுக்காக எழுதப்பட்டது' என்ற சொற்றொடரை கூகுள் தன் வழிகாட்டியில் 'மனிதர்களுக்காக உருவாக்கப்பட்டது' என்று மாற்றியதும் அந்த மாதத்தில்தான். கையால் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு அது எரிச்சலூட்டியதில் வியப்பில்லை.

பிறகு 2024 மார்ச் 5-இல் தொடங்கி 45 நாள்கள் நீடித்த கோர் அப்டேட்டில் அந்தத் தனி அமைப்பு நீக்கப்பட்டு, அதன் வேலை முதன்மை அல்காரிதத்துக்குள் பரவலாக்கப்பட்டது. தரமற்ற, சுயமற்ற உள்ளடக்கம் முடிவுகளில் 45 சதவீதம் குறைந்ததாக கூகுள் சொன்னது. சரிந்த சிறு தளங்கள் அப்போதும் எழவில்லை. காற்று சுத்திகரிப்பான்களைத் தாமே வாங்கிச் சோதித்து எழுதும் ஹவுஸ்ஃப்ரெஷ் என்ற தளம், பொருளைத் தொட்டுக்கூடப் பார்க்காத பெரிய ஊடக நிறுவனங்களின் பட்டியல் கட்டுரைகள் தம்மை எப்படிக் கீழே தள்ளுகின்றன என்பதை 2024 பிப்ரவரியில் ஆதாரங்களோடு எழுதியபோது, அது இந்தத் துறை முழுவதும் பேசப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு கோர் அப்டேட்டில் சிறு வெளியீட்டாளர்களின் கருத்துகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாக கூகுள் அறிவித்தது. சிலருக்குப் பகுதி அளவில் மீட்சி கிடைத்தது. பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பியவர்கள் மிகச் சிலரே.

இதில் என் மதிப்பீட்டை மறைக்க விரும்பவில்லை. நல்லதை எழுதினால் மேலே வரலாம் என்று கூகுள் திரும்பத் திரும்பச் சொன்ன வாக்கை 2023 செப்டம்பர் காப்பாற்றவில்லை. பெயர் தெரிந்த நிறுவனங்களுக்குக் கிடைக்கும் சாதகம் தற்செயலானது என்றும் தோன்றவில்லை. அமெரிக்க அரசு கூகுள் மீது தொடுத்த ஏகபோக வழக்கின் விசாரணையில், 2023-இல், பயனர்களின் கிளிக் தரவை 13 மாதங்கள் அளவுக்குத் திரட்டி முடிவுகளை வரிசைப்படுத்தும் 'நாவ்பூஸ்ட்' என்ற அமைப்பைப் பற்றி கூகுளின் பொறியாளரே சாட்சியம் சொன்னார். தெரிந்த பெயரை மக்கள் அதிகம் கிளிக் செய்வார்கள். கிளிக் தரவு அந்தப் பெயரை மேலும் உயர்த்தும். இரண்டாவது பாதி என் ஊகம்தான், ஆனால் சாட்சியத்தோடு முரண்படாத ஊகம்.

அதே நேரம், இந்த நியாயமான கோபம் உங்கள் தளத்தைச் சோதித்துப் பார்ப்பதற்குத் தடையாகிவிடக் கூடாது. நீங்கள் இருப்பது மதிப்புரைத் துறை. அதற்கென்றே 2021 ஏப்ரலிலிருந்து கூகுள் தனிப் புதுப்பிப்புகளை வெளியிட்டு, எதை எதிர்பார்க்கிறது என்று வெளிப்படையாகவே எழுதிவந்தது. பொருளை நீங்கள் கையாண்டதற்கான அடையாளம், உங்களுடைய சொந்தப் படங்கள், அளந்தறிந்த எண்கள், இன்னொரு பொருளோடு ஒப்பீடு, யாருக்கு அது பொருந்தாது என்ற தெளிவு ஆகியவை அவற்றில் முக்கியமானவை. உங்கள் தளத்தின் ஏதேனும் ஒரு மிக்ஸி மதிப்புரையைத் திறந்து இதை வைத்துப் பாருங்கள். '750 வாட் மோட்டார், மூன்று ஜார், இரண்டு ஆண்டு உத்தரவாதம்' என்பது பெட்டியிலேயே இருக்கிறது. விற்பனைத் தளத்திலும் இருக்கிறது. ஊறவைத்த உளுந்து மைய எத்தனை நிமிடம் ஆனது, சட்னி ஜாரில் கொஞ்சமாகத் தேங்காய் போட்டால் பிளேடுக்கு எட்டுகிறதா, மோட்டார் சூடாகி நின்றபோது மீண்டும் ஓட எவ்வளவு நேரம் பிடித்தது, ஆறு மாதம் கழித்து ஜாரின் அடியில் தண்ணீர் கசிகிறதா: இவை பெட்டியில் இருக்காது. முதல் வகை வாக்கியங்கள் மட்டுமே உள்ள மதிப்புரைகள் உங்கள் தளத்தில் பாதிக்கு மேல் இருந்தால், நாவ்பூஸ்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் அங்கே வேலை இருக்கிறது.

இப்போது சர்ச் கன்சோலை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். அது 16 மாதத் தரவைத்தான் வைத்திருக்கும். எனவே 2023-இன் எண்களை நீங்கள் அன்றே இறக்கி வைத்திருந்தால்தான் அந்தச் சரிவை நேரடியாகக் காண முடியும். இல்லாவிட்டால் தள வருகையைப் பதிவுசெய்யும் அனலிட்டிக்ஸ் போன்ற வேறு பதிவுகளைத் தேட வேண்டும். கோர் அப்டேட் ஒன்று எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பதை கூகுளின் தேடல் நிலைப் பலகை தேதியோடு காட்டும். அது முடிந்து முழுதாக ஒரு வாரம் கழியும்வரை எந்த முடிவுக்கும் வரக் கூடாது. அதன்பின், புதுப்பிப்புக்கு முந்தைய வாரத்தையும் அது முடிந்ததற்குப் பிந்தைய வாரத்தையும் ஒப்பிட்டு, 'பக்கங்கள்' என்ற பிரிவைக் கிளிக் வித்தியாசத்தின்படி வரிசைப்படுத்துங்கள். மேலே வரும் பத்துப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அவற்றின் தேடல் சொற்களையும் சராசரி இடத்தையும் பாருங்கள்.

சராசரி இடம் மூன்றிலிருந்து பதினைந்துக்குப் போயிருந்தால் அது தரவரிசைச் சிக்கல். எல்லாப் பக்கங்களும் ஒரே நாளில் பூஜ்யத்தை நோக்கிப் போயிருந்தால், அல்காரிதத்தைச் சந்தேகிக்கும் முன் உங்கள் தொழில்நுட்ப ஆளைக் கூப்பிடுங்கள். வடிவமைப்பை மாற்றியபோது, பக்கத்தை முடிவுகளில் சேர்க்க வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் 'நோஇண்டெக்ஸ்' குறியை எடுக்க மறந்ததோ, பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடாமல் விட்டதோ காரணமாக இருப்பது நாம் நினைப்பதைவிட அதிகம். தளத்தின் பெயரைச் சொல்லியே தேடுபவர்களின் கிளிக்கைத் தனியாக வடிகட்டிப் பார்ப்பதும் நல்லது. அது குறையாமல் மற்றவை மட்டும் குறைந்திருந்தால், உங்களை அறிந்தவர்கள் இன்னும் வருகிறார்கள் என்று பொருள்.

சராசரி இடம் அசையாமல் மூன்றிலேயே நின்று, கிளிக் மட்டும் பாதியாகியிருந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பழைய எஸ்இஓ நூல்களில் விடை இல்லை. இங்கே மாறியிருப்பது முடிவுப் பக்கம். 2024 மே மாதத்தில் அமெரிக்காவிலும் அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவிலும் 'ஏஐ ஓவர்வியூ' வந்தது. தேடியவருக்கு வேண்டிய விடையை, உங்களைப் போன்ற தளங்களிலிருந்து திரட்டி, முதல் இணைப்புக்கும் மேலே அது எழுதிக்கொடுத்துவிடுகிறது. பியூ ஆய்வு மையம் அமெரிக்காவில் 900 பேரின் 2025 மார்ச் மாத இணையப் பயன்பாட்டை ஆராய்ந்தபோது, அந்தச் சுருக்கம் தோன்றிய தேடல்களில் வழக்கமான இணைப்பு ஒன்றைச் சொடுக்கியது 8 சதவீதத்தில்தான். தோன்றாதவற்றில் 15 சதவீதம். சுருக்கத்துக்குள் தரப்பட்ட மூல இணைப்பைச் சொடுக்கியது வெறும் 1 சதவீதம். செக் என்ற கல்வி நிறுவனம் 2025 பிப்ரவரியிலும் பென்ஸ்கி மீடியா என்ற ஊடக நிறுவனம் அதே ஆண்டு செப்டம்பரிலும் இதன் பொருட்டு கூகுள் மீது வழக்குத் தொடுத்தன. அவற்றின் முடிவு எப்படி இருந்தாலும், 'கிரைண்டர் கல்லை எப்படிச் சுத்தம் செய்வது' போன்ற ஒற்றைப் பத்தியில் விடை சொல்லிவிடக்கூடிய கட்டுரைகளிலிருந்து பழைய வருகையை எதிர்பார்ப்பது வீண். அவற்றைத் திருத்தி எழுதினாலும் அந்தக் கிளிக் திரும்பாது. திருத்தும் உழைப்பை, வாங்கும் முடிவை எடுக்க முடியாமல் மூன்று பொருள்களுக்கு இடையே தவிக்கும் வாசகருக்கான கட்டுரைகளில் செலவிடுவது மேல்.

பழைய கட்டுரைகளை அழிக்கும் யோசனைக்கு வருவோம். பழையவை என்பதற்காகவே அழித்தால் கூகுளுக்குப் பிடிக்கும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. 2023 ஆகஸ்டில் தொழில்நுட்பச் செய்தித் தளமான சிநெட் ஆயிரக்கணக்கான பழைய கட்டுரைகளை நீக்கிய செய்தி பரவியபோது, கூகுள் தரப்பிலிருந்து அந்த நம்பிக்கையை வெளிப்படையாகவே மறுத்தார்கள். சந்தையில் இல்லாத பொருளைப் பற்றிய கட்டுரையில் அதைக் குறிப்பிட்டு, இப்போதைய மாற்றைச் சொன்னாலே போதும். எந்த வாசகருக்கும் எக்காலத்திலும் பயன்படாத, சொல்லுக்காக மட்டும் எழுதப்பட்டவை இருந்தால் அவற்றை நீக்குவதில் தவறில்லை. உள்ளே எதையும் மாற்றாமல் மேலே தேதியை மட்டும் புதுப்பிக்கும் வழக்கத்தையும் கைவிடுங்கள். பக்கம் திறக்கும் வேகத்தைப் பற்றிப் பலர் அளவுக்கு மீறி அஞ்சுகிறார்கள். முதன்மையான பகுதி இரண்டரை விநாடிக்குள் தோன்றினால் கூகுளின் சொந்த அளவுகோலின்படியே அது நல்ல நிலை, அதற்கும் கீழே விநாடிகளைக் குறைத்தால் தரவரிசை கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மீட்சி எப்போது வரும் என்பதில் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். தளத்தைத் திருத்திய மறுவாரமே வரைபடம் ஏறாது. சிறு முன்னேற்றங்கள் இடையில் வரலாம். தளம் முழுவதையும் பற்றிய மதிப்பீடு மாறுவது பெரும்பாலும் அடுத்தடுத்த கோர் அப்டேட்டுகளில்தான், அதுவும் உறுதியில்லை. ஆகவே வருமானம் முழுவதும் இந்த ஒரே வழியில் வருகிறது என்றால், திருத்தும் வேலையோடு சேர்த்தே மின்னஞ்சல் மடலோ வாட்ஸ்அப் சேனலோ யூடியூப் காணொளியோ ஒன்றைத் தொடங்கிவிடுங்கள். மிக்ஸியில் உளுந்து அரைபடுவதை ஐந்து நிமிடம் காட்டும் காணொளி, மதிப்புரைக்கு ஆதாரமாகவும் உதவும்.

இந்தக் காலத்தில் 'மீட்சிக்கு உத்தரவாதம்' என்று அணுகுபவர்களிடம், எந்தப் புதுப்பிப்பில், எந்தப் பக்கங்கள், எந்தத் தேடல் சொற்களுக்கு இறங்கின என்று முதலில் கேளுங்கள். உங்கள் தரவைத் திறந்து பார்க்காமலேயே அழிக்கவும் வாங்கவும் சொன்னவர் அதற்குப் பதில் சொல்ல முடியாது. பார்க்க வேண்டும் என்று கேட்டால், சர்ச் கன்சோலில் உரிமையாளர் அனுமதியைக் கொடுக்காதீர்கள். வரையறுக்கப்பட்ட பயனராகச் சேர்த்தாலே மேலே சொன்ன அறிக்கைகளை அவர் பார்த்துவிடலாம்.